ஆய்வாளரின் வலது காது

கடலில் யாராவது உண்மையாகவே ஆபத்தில் சிக்கிக் கூப்பிட்டால், அந்தக் கரையோர வானொலி நிலையத்தின் ஒலிபெருக்கியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒழுகும். பொய்யாகக் கூப்பிட்டால் ஒழுகாது. என்ஜின் நின்றுபோன படகுக்கு அரை டம்ளர், அடியில் ஓட்டை விழுந்த படகுக்கு ஒரு சொம்பு, கவிழ்ந்த படகுக்கு ஒரு வாளி என்று ஏறக்குறைய ஓர் அளவும் இருந்தது. நிலையம் தொடங்கிய முதல் மாதத்திலேயே இது தெரிந்துவிட்டதால், அப்போதைய அதிகாரி ஒலிபெருக்கிக்குக் கீழே ஓர் எனாமல் பேசினை வைத்தார். அழைப்புப் பதிவேட்டில் நேரத்துக்கும் நடவடிக்கைக்கும் நடுவே அளவுகோல் வைத்து ஒரு கட்டம் இழுத்தார். அந்தக் கட்டத்தில் ‘ஈரம்’ அல்லது ‘உலர்’ என்று எழுத வேண்டும். ஈரம் என்றால் மீட்புப் படகு புறப்படும். உலர் என்றால் கூப்பிட்டவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்துவிடலாம். மீட்புப் படகின் ஆட்களும் தொலைபேசியை எடுத்ததும் “எவ்வளவு?” என்றுதான் கேட்பார்கள். சொம்பு என்று பதில் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவார்கள். அரை டம்ளர் என்றால் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

முப்பத்தோரு ஆண்டுகளில் மீட்புப் படகு நானூற்றுப் பன்னிரண்டு முறை கடலுக்குப் போனது. ஒரு முறைகூட வெறுமனே திரும்பவில்லை. அதுதான் வினையாக வந்து முடிந்தது. கரை நெடுகிலும் உள்ள நிலையங்களுக்கெல்லாம் புதுக் கருவிகள் பொருத்துவது என்று தலைமை அலுவலகம் முடிவெடுத்து, பழைய புள்ளிவிவரங்களை வரவழைத்துப் பார்த்தபோது, மற்ற நிலையங்களில் பத்துப் பயணத்தில் ஏழு வீணாகியிருந்தன. இங்கே மட்டும் பூஜ்யம். தவறே செய்யாத நிலையம் என்று ஒன்று இருக்க முடியாது, படகு திரும்பி வந்த பிறகு பதிவேட்டை எழுதுகிற நிலையம் வேண்டுமானால் இருக்கலாம் என்று அங்கே ஒருவர் கோப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். அந்தக் கோப்போடும் புதுக் கருவிகளோடும் ஒரே வேனில் ஓர் ஆய்வாளரை அனுப்பி வைத்தார்கள்.

ஆய்வாளர் இறங்கியதும் வேன் கதவைப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், நாலடி நடந்தார், திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அன்று மாலைக்குள் துறைமுகம் முழுக்க அவருக்குப் ‘பூட்டு சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு இரண்டு வேலைகள். ஒன்று, புதுக் கருவியைப் பொருத்தி முடித்து, மூன்று மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓடவிட்டு, பிறகு பழையதைக் கழற்றுவது. மற்றொன்று, நிலையத்தில் பொய் எழுதுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது வேலைக்கு அவர் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. பகல் நேரத்தில் ஒலிபெருக்கியின் முன்னால் உட்கார்ந்து கேட்கிறவள் பதினோரு வருடமாக ஒரே பெண்தான். படகுக்காரர்கள் அவளை ரேடியோ அக்கா என்றார்கள். அவளுடைய புருஷன் ஒரு படகில் என்ஜின் ஓட்டுகிறவன். அவனுடைய படகை இரண்டு முறை மீட்டிருந்தார்கள். சொந்தக்காரருக்காகப் பொய்ப் பதிவு செய்தது நிரூபணமானால் வேலை போகும், வழக்கும் வரும். ஆய்வாளர் இதை முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்.

“பதிவேட்டுல உங்க வீட்டுக்காரர் படகு ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டு தடவையும் நீங்கதான் டூட்டி.”

“காலைல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் எப்பவும் நான்தான் சார் டூட்டி. அவரும் அந்த நேரத்துலதான் கடல்ல இருப்பாரு.”

“அதையும் எழுதிக்கிறேன்.”

“எழுதிக்கோங்க. தண்ணி என்னைக் கேட்டுட்டா ஒழுகுது?”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஏணி போட்டுக் கூரைமேல் ஏறி, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சுவரைத் தட்டி, குழாய் ஓடுகிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. அவர் வந்த ஐந்தாம் நாள் என்ஜின் நின்றுபோன ஒரு படகு கூப்பிட்டது, அரை டம்ளர் ஒழுகியது. அதைப் புட்டியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். கடல் தண்ணீர், ஒரு மீன் செதிலும் இருக்கிறது என்று முடிவு வந்தது. கடல் ஐம்பது அடியில் இருக்கும்போது கடல் தண்ணீர் கிடைப்பதற்கு மந்திரம் வேண்டியதில்லை என்று அவர் குறித்துக்கொண்டார். அதன் பிறகு வாளியோ புட்டியோ எடுத்துக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் முகர்ந்து பார்த்த பிறகே விட்டார். கூட்டுகிற அம்மா இரண்டு நாள் வேலைக்கே வரவில்லை.

புதுக் கருவி செங்கல் அளவில் ஒரு பெட்டி. படகுக்கு ஒன்று கொடுத்தார்கள். மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்தினால், படகின் எண்ணும் அது நிற்கும் இடமும் நிலையத்துத் திரையில் வந்து விழும், கூடவே ஒரு மணி அலறும். பேச வேண்டியதில்லை. எங்கே மீன் கிடைக்கிறது என்பதை இந்தப் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும் என்று படகுக்காரர்கள் சந்தேகப்பட்டு, பாதிப் பேர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார்கள். மீதிப் பேர் சட்டை மாட்டுவதற்கு வசதியாக இருக்கிறதென்று மூடியைக் கழற்றி எறிந்தார்கள். முதல் மாதம் திரை நாற்பத்து மூன்று முறை அலறியது. ஒருவன் முழங்கை பட்டுவிட்டது என்றான். ஒருவன் அரசாங்கம் உண்மையிலேயே வருகிறதா என்று பார்த்தேன் என்றான். ரேடியோ அக்காவின் புருஷனான என்ஜின்காரன் மட்டும் மூன்று முறை அழுத்தினான். முதல் முறை தவறுதலாக. இரண்டாம் முறை பெண்டாட்டி சீட்டில் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள. மூன்றாம் முறை, வீட்டுச் சாவியைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்ததைச் சொல்ல. சாவி விஷயத்தைப் பழைய அலைவரிசையில் அவன் சொன்னபோது, கடலில் இருந்த அத்தனை படகும் கேட்டது.

“இன்னொரு தடவை அதை அமுக்கினீங்கன்னா சாவி இருந்தாலும் கதவு திறக்காது,” என்று அவள் சொன்னதையும் அத்தனை படகும் கேட்டது.

நாற்பத்து மூன்று அலறலுக்கும் பேசினில் ஒரு சொட்டு விழவில்லை. ஆகவே நிலையத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. திரை அலறினால் முதலில் பேசினைப் பார்ப்பார்கள், பிறகுதான் திரையைப் பார்ப்பார்கள். ஆய்வாளர் இந்தப் பழக்கத்தைக் கவனித்தார், அதில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தானே பொறுப்பில் இருப்பதாகச் சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெக்கானிக்கை வரவழைத்து, ஒலிபெருக்கியின் கூட்டைப் பின்பக்கமிருந்து கண்ணாடித் தொட்டிக்கு அடிக்கிற பசையால் சுற்றிலும் அடைத்தார். குரல் வரும், தண்ணீர் வர வழியில்லை. இனியும் பேசினில் தண்ணீர் இருந்தால், அதை ஊற்றியது மனிதக் கை என்று நிரூபணமாகும். இதைச் சட்டைப்பை நோட்டில் எழுதி, தேதி போட்டு, மெக்கானிக்கிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். வேறு யாருக்கும் சொல்லவில்லை. உண்மையான கூப்பாடு ஒன்று வந்து தண்ணீர் வராமல் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. கூப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அவர் ஒரு நிமிடம்கூட நம்பியதில்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்குத் திரை அலறியது. என்ஜின்காரனுடைய படகின் எண். கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம். ஆபத்தின் வகை என்ற இடத்தில் ‘குறிப்பிடப்படவில்லை’ என்று இருந்தது. ரேடியோ அக்கா பேசினைப் பார்த்தாள். அதன் அடியில் வரைந்திருந்த நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது. பழைய அலைவரிசையில் மூன்று முறை கூப்பிட்டாள், பதில் இல்லை.

பக்கத்து மேசையில் இருந்த நிலைய அதிகாரி, “இன்னைக்குச் சாவி எங்க வெச்சாராம்?” என்றார்.

“வீட்டுக்கு வரட்டும், கேக்கறேன்,” என்று அவளும் சிரித்தாள்.

ஆய்வாளர் தங்கியிருந்த அடுத்த அறையில் அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. உலர்ந்த கூப்பாட்டுக்கு, அதுவும் சொந்தப் புருஷனுடைய படகுக்கு, மீட்புப் படகை அனுப்பினால் அவர் தேடி வந்தது அவர் கையில் தானாகவே கிடைத்துவிடும். அவள் பதிவேட்டை இழுத்து, இரண்டு பத்து, உலர், பொய் என்று எழுதினாள். பேசினை நம்பி எழுதினாளா, ஆய்வாளருக்குப் பயந்து எழுதினாளா, புருஷன்மேல் இருந்த எரிச்சலில் எழுதினாளா என்பதற்கு அவள் பிற்காலத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு பதில் சொன்னாள். எழுதிய பிறகு இரண்டு தடவை எழுந்துபோய் ஜன்னலில் நின்றாள் என்பதை மட்டும் நிலைய அதிகாரி பார்த்திருக்கிறார்.

மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு, அறிக்கையின் ஆறாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த ஆய்வாளரின் வலது காதிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. காலையில் குளித்தது உள்ளே நின்றிருக்கும் என்று நினைத்துத் தலையைச் சாய்த்து உதறினார். நிற்கவில்லை. யாரோ மேலேயிருந்து ஊற்றுகிறார்கள் என்று சந்தேகப்பட்டுக் கூரையைப் பார்த்தார், காய்ந்திருந்தது. நாற்காலியை அறையின் மறு மூலைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தண்ணீர் கூடவே வந்தது. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் ஆள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். குனிந்தபோது இன்னும் வேகமாக வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், உப்பு. சட்டை இடுப்புவரை நனைந்து, அறிக்கையின் ஆறு பக்கமும் மேசையோடு ஒட்டிக்கொண்ட பிறகு, சந்தேகப்படுவதற்கு அறையில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது அவருக்கு உறுதியாயிற்று. இந்தச் சோதனைகளுக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பின்னால் எழுதிய அறிக்கையில் அவர் மறைக்கவில்லை.

காதைத் துண்டால் பொத்திக்கொண்டு வானொலி அறைக்கு வந்து நின்றார்.

“ரெண்டு பத்துக்கு ஒரு கூப்பாடு வந்துதே. என்ன எழுதினீங்க?”

“உலர்னு எழுதினேன் சார். பேசின் அங்கதான இருக்கு, பாத்துக்கோங்க.”

“அந்த ஒலிபெருக்கிய நான் ஞாயித்துக்கிழமையே அடைச்சுட்டேன்ம்மா.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், நனைந்த சட்டையைப் பார்த்தாள். அதற்குள் அவள் கையில் தொலைபேசி வந்திருந்தது.

“எவ்வளவு சார்?”

“தெரியல. அளக்கல. நின்ன பாடில்ல.”

“வாளிக்கு மேல,” என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். திரையில் இருந்த இடத்தை இரண்டு முறை வாசித்தாள். குரல் சாதாரணமாகவே இருந்தது என்று மீட்புப் படகின் ஆட்கள் சொன்னார்கள்.

கவிழ்ந்த படகின் ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். புதுப் பெட்டி தண்ணீரில் முழுகுவதற்கு முன் ஒரே ஒரு முறை வேலை செய்திருந்தது. அது சொன்ன இடம் இம்மி பிசகவில்லை. நான்கு பேரும் உயிரோடு கரை வந்தார்கள். ஒருவனுக்கு இடது கையில் மூன்று விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. என்ஜின்காரன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நேராக நிலையத்துக்கு வந்து, பதிவேட்டைக் கேட்டு வாங்கி, மதியம் இரண்டு பத்துக்கு எதிரே இருந்த வரியைப் படித்தான்.

“இது யாரு எழுத்து?”

“என்னோடதுதான்.”

“நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை மூடி வைத்தான்.

ஆய்வாளர் தன் அறிக்கையை இரண்டே பக்கத்தில் புதிதாக எழுதினார். நிலையத்தில் பொய் எழுதுகிறவர் யாரும் இல்லை, ஒரு மணி பத்து நிமிடத் தாமதத்துக்குத் தானே பொறுப்பு, ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்த தண்ணீர் இப்போது தன் காதில் வருகிறது. தலைமை அலுவலகம் இயல்பாகவே அவரைச் சந்தேகித்தது. அவரை ஆய்வு செய்ய இரண்டு ஆய்வாளர்கள் வந்தார்கள். பசையைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். ஒலிபெருக்கி திரும்ப ஒழுகவில்லை. ஆய்வாளரைக் கடலிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியில் ஜன்னல் இல்லாத அறையில் பூட்டி, வாசலில் ஆள் வைத்து, பதினெட்டு நாள் பார்த்தார்கள். அந்தப் பதினெட்டு நாளில் கரையில் நான்கு உண்மையான கூப்பாடுகள், நான்கு முறையும் விடுதிக்காரர் மெத்தையை வெயிலில் போட வேண்டியிருந்தது. ஆய்வாளர் அதே நிலையத்துக்கு நிரந்தரமாக மாற்றல் கேட்டார், கிடைத்தது. அப்படியொரு பதவி இல்லாததால், பொருட்களின் இருப்புப் பதிவேட்டில் மின்விசிறிக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே அவரை ஏற்றி ஓர் எண்ணும் கொடுத்தார்கள். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மற்ற நிலையங்களில் பழைய கருவிகளை எல்லாம் கழற்றி முடித்த பிறகும், இங்கே திரைக்குப் பக்கத்தில் அவருடைய நாற்காலி இருந்தது. திரை இடத்தைச் சொல்லும், காது மெய்யைச் சொல்லும். வருடத்துக்கு எத்தனை துண்டு என்று மட்டும் தலைமை அலுவலகம் கேட்டுக்கொண்டிருந்தது.

ரேடியோ அக்காவின் வேலை போகவில்லை. ஆனால் வீட்டில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. என்ஜின்காரன் சண்டை போடுகிறவன் இல்லை. தலைவலி என்பான், உடனே “ஈரமா உலரான்னு பாத்துக்கோ,” என்பான். பசிக்கிறது என்றாலும் அதே வார்த்தைதான். முதல் வருடம் அவள் பதில் சொன்னாள், இரண்டாம் வருடம் அழுதாள், அதன் பிறகு தட்டை வைத்துவிட்டுப் போனாள். புதுப் படகில் பொருத்திய பெட்டியின் ஒயரை அவன் வெட்டிவிட்டான். நிலையத்துப் பட்டியலில் அந்தப் படகின் எண்ணுக்கு எதிரே தினமும் ‘தொடர்பு இல்லை’ என்று வந்தது.

“ஒயரைச் சேத்துடுங்க. கையெடுத்துக் கும்பிடறேன்.”

“யாரைக் கூப்பிடறதுக்கு?” என்று அவன் கேட்டான்.

இப்படி ஆறு வருடம் போயிற்று. அவன் திரும்பி வருகிறவரை அவள் ஆய்வாளரின் காதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆய்வாளரும் அவள் பார்ப்பது தெரிந்து, சௌகரியமாக இருக்கட்டுமென்று வலது பக்கம் அவளுக்குத் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஏழாம் வருடம், பலத்த காற்று அடிக்கும் என்ற எச்சரிக்கையால் எல்லாப் படகையும் கட்டிப் போட்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, பதினொன்று ஐந்துக்கு, ஆய்வாளரின் காது ஒழுகியது. திரையில் ஒன்றுமில்லை. கடலில் யாரும் இல்லை. ரேடியோ அக்கா ஜன்னலுக்குப் போய்ப் படகுகளை விரல் விட்டு எண்ணினாள், அறுபத்தேழும் இருந்தன. தன் காது பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று ஆய்வாளருக்குப் பட்டது. ஆறு வருடமாக எதையும் சந்தேகிக்காமல் இருந்ததில் அவருக்குக் கை விட்டுப்போயிருந்தது, அந்த நினைப்பே பயமாக இருந்தது.

“பழுதாயிடுச்சோ என்னமோ. எழுதாதீங்கம்மா. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்.”

அவள் அவருடைய தோளிலிருந்த துண்டின் முனையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை. குடிக்கிற தண்ணீர், கரைத் தண்ணீர்.

அவள் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. என்ஜின்காரன் சமையலறைத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வேர்த்து நனைந்திருந்தது. தொலைபேசி ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தது, அவன் அதைத் தொட்டிருக்கவில்லை.

“நீ எதுக்கு வந்தே? நான் யாரையும் கூப்பிடலையே.”

“கூப்பிட்டீங்க.”

“எப்போ?”

“பதினொன்னு அஞ்சுக்கு. பேசாதீங்க, மூச்சு விடுங்க.”

அவன் மூச்சை இழுத்து விட்டான். அவள் தோளில் கையைப் போட்டான். அவனைத் தனியாகத் தூக்க முடியாமல் அவள் கூப்பிட்டதும், பக்கத்து வீட்டுக்காரி மாவுக் கையோடு ஓடி வந்து, டூட்டி நேரத்தில் உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். ஆய்வாளருக்குக் காது ஒழுகியது என்றாள் ரேடியோ அக்கா. அப்படியா என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கால் பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள்.